நேர்ந்துவிட்ட பிள்ளை

மிஷன் மருந்தகம், மஹுவாடோலி,
சர்குஜா ஜில்லா, மத்தியப் பிரதேசம்
9 ஜூன் 1974

அன்புத் தங்கை கிளாரம்மாவுக்கு,

சேச்சி சிஸ்டர் ரெமீஜியா எழுதுவது. இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் தங்கியிருக்கட்டும்.

இங்கே நான் சுகம். மழை இன்னும் வரவில்லை. கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது. காலையிலேயே நாற்பது ஐம்பது பேர் மருந்தகத்துக்கு வந்துவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, மீதிப் பேருக்கு இருமல். ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களை இந்தியில் அதட்டவும் கற்றுக்கொண்டேன். நீயும் உன் வீட்டுக்காரர் ஔசேப்பச்சனும் மகள் லில்லிக்குட்டியும் சுகம்தானே? அம்மச்சியின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல சேதி. என் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாள். வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்த துறவு வாக்கை அன்றைக்குச் சாகும்வரைக்குமாகக் கொடுக்கப் போகிறேன். நாங்கள் நாலு பேர். மதர் பெர்ப்பெத்துவா எங்களைக் கூப்பிட்டு, “ஆண்டவர் உங்களை எப்படிக் கூப்பிட்டார்னு ஆளுக்கு நாலு பக்கம் எழுதுங்க. தியானத்துல எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்” என்றார்.

மற்ற மூவருக்கும் கதை இருக்கிறது. எனக்குத் தெரிந்தது நம்மைப் பெற்ற அம்மச்சி அன்றைக்கு நெல்லுப் பத்தாய அறையில் வைத்துச் சொன்னது மட்டும்தான். “நீ பத்து மாசப் பிள்ளையா இருந்தப்ப காய்ச்சல் வந்து செத்துப் பொழைச்சே. பொழைச்சா மாதாவுக்கே தந்துடறேன்னு நேர்ந்துட்டேன். இத்தனை வருஷம் வாய் திறக்காம இருந்தது என் தப்பு.” வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்த நேரம் அது. மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் அழுகை நின்றது. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் என் மாறுகண்ணைப் பார்த்துவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்களே, அவர்களுக்கெல்லாம் முன்பே ஒருவர் என்னைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு என் சித்தம் என்று ஒன்றை நான் தேடவில்லை. பேசத் தெரிவதற்கு முன்பே அது கைமாறிவிட்டதே. கீழ்ப்படிதல் என்றால் மற்றவர்களுக்குத் தொண்டையில் மாட்டுகிறது. எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

அதனால் அம்மச்சியிடம் கேட்டு எழுது. எந்த மாதம், என்ன காய்ச்சல், எந்தக் கோவில், என்ன சொல்லி நேர்ந்தாள். எல்லாம் வேண்டும்.

எல்லோருக்காகவும் ஜெபிக்கும்,
சேச்சி
சிஸ்டர் ரெமீஜியா


குன்னேல் வீடு,
பாலா வழி, கேரளா
2 ஜூலை 1974

அன்புள்ள சேச்சிக்கு,

கிளாரம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருக்குத் தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, இரண்டு வாரமாக ரப்பர் வெட்டு இல்லை. லில்லிக்குட்டி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அம்மச்சிக்குக் காலில் நீர் கோத்திருக்கிறது, செருப்பு நுழையவில்லை.

ஔசேப்பச்சனின் தங்கை மோளிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் சிற்றப்பா ஒரு குருவானவர். உங்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை அம்மச்சியிடம் கேட்டேன். “பழசையெல்லாம் எதுக்குக் கிளர்றா” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். காய்ச்சல்தான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மாதா கோவில். உங்களுக்கு எழுத வராதா என்ன, நீங்களே அழகாக எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
கிளாரம்மா


மஹுவாடோலி
21 ஜூலை 1974

அன்புத் தங்கைக்கு,

இயேசுவின் கருணை உங்களோடு இருக்கட்டும். நான் சுகம். அம்மச்சியின் காலைத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்க வை. உப்பைக் குறை. கருவாடு கேட்டு அழுவாள், கொடுக்காதே.

நீ எழுதியனுப்பியதை வைத்து நான் எழுதியதை மதரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன மருந்துச் சீட்டா? காய்ச்சல், கோவில், மூணு வேளை சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு எழுதியிருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மச்சி நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள். அரிசிப் பிடிக்கொழுக்கட்டையும் கோழிக்கறியும் செய்த அன்றைக்குக் கேட்டால் அவள் எதுவும் சொல்லுவாள். அவள் சொல்வதை நீ திருத்தாமல் அப்படியே எழுது. எனக்கு அவள் வாய்ச்சொல்தான் வேண்டும். இது என் பிறப்புச் சேதி மாதிரி, கிளாரம்மா. இதைவிட வேறு சொத்து எனக்கு இல்லை.

மோளியின் காரியத்துக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன்.

அன்புடன்,
சிஸ்டர் ரெமீஜியா


குன்னேல் வீடு
18 ஆகஸ்ட் 1974

அன்புள்ள சேச்சிக்கு,

இங்கே சுகம், அங்கேயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். பதில் தாமதித்ததற்குக் கோபப்பட வேண்டாம். மோளியின் சம்பந்தம் முடிவாகிவிட்டது, ஜனவரி இருபதாம் தேதி கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை.

பரலோக மாதா திருநாளன்று நீங்கள் சொன்னபடியே சமைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டேன். அம்மச்சி முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

“ஆடி மாசக் கர்க்கடக மழை. ஆறு ரெண்டு கரையும் முட்டிப் போகுது. வள்ளத்துக்காரன் வரமாட்டேன்னுட்டான், கால்ல விழுந்தேன். நாலு வயசுப் பிள்ளை, மூணு நாளா கண்ணு திறக்கலை, கூப்பிட்டா ம்னுகூடச் சொல்லலை. தோள்ல போட்டுட்டு ஏறினேன். உங்க அப்பா, அப்பச்சன் போய் ஒரு வருஷம்கூட ஆகலை, யார் இருக்கா துணைக்கு. பின்னாடி குடை பிடிச்சுட்டு வந்ததோட கால்ல அட்டை ஏறி ரத்தமா ஒழுகுது, பாவம், அது ஒரு வார்த்தை சொல்லலை. மாதா பீடத்துப் படியில பிள்ளையைக் கிடத்திட்டு, இனி இது என்னோடது இல்லை, உன்னோடதுன்னு சொன்னேன். திரும்பி வரும்போது வள்ளத்துல கண்ணைத் திறந்து பழம் கேட்டுச்சு.”

இவ்வளவுதான் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கிளாரம்மா


மஹுவாடோலி
10 செப்டம்பர் 1974

கிளாரம்மாவுக்கு,

இயேசுவுக்குத் துதி. நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். பிள்ளைக்கு நாலு வயசு என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பத்து மாதம் என்றுதான் அம்மச்சி சொன்னாள். எனக்குப் பத்து மாதம் ஆனபோது அப்பச்சன் உயிரோடு இருந்தார். அவர் இறந்தபோது எனக்கு ஏழு வயது.

என்னிடம் ஒரு ஞாபகம் உண்டு. அது எங்கே எப்போது நடந்தது என்று தெரியாமலேயே வைத்திருந்தேன். பெரிய கறுப்புக் குடை. ஒரு கம்பி முறிந்தது. காற்று அதை இழுக்கிறது, நான் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். எனக்கு முன்னால் அம்மச்சியின் முதுகு. அவள் தோளில் ஒரு சின்னத் தலை. கணுக்காலில் ஏதோ சூடாக வழிகிறது. குனிந்து பார்த்தால் குடை சாய்ந்து அந்தத் தலை நனைந்துவிடும் என்று நான் குனியவில்லை.

அந்தத் தலை யாருடையது, கிளாரம்மா?

இங்கிருந்து போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் மதர் வாசிப்பார் என்பது உனக்குத் தெரியும். அதை நினைத்துத் தயங்காதே. எப்படி முடியுமோ அப்படி எழுது.

சிஸ்டர் ரெமீஜியா


மஹுவாடோலி
12 அக்டோபர் 1974

கிளாரம்மா,

சுகம் விசாரிக்க மறந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அம்மச்சிக்கு என்ன ஆயிற்றோ என்று முதலில் பயந்தேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிறகு, வராததே பதில் என்று புரிந்துகொண்டேன்.

இந்தக் கடிதம் மதர் கைக்குப் போகவில்லை. எங்கள் கம்பவுண்டர் எக்காவின் மனைவி சுஷானா அம்பிகாபூர் சந்தைக்குப் போகிறாள், அங்கே தபாலில் போடுவாள். பதிலையும் அவள் விலாசத்துக்கே எழுது, பின்னால் குறித்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் நான் ஒளித்துச் செய்கிற முதல் காரியம் இது. கையெழுத்து எப்போதும்போலத்தான் இருக்கிறது. அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

போன மாதக் கடிதத்தை மதர் வாசித்துவிட்டு அனுப்பத்தான் செய்தார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். “உக்காரு. காப்பி குடிக்கிறியா?” என்றார். அவர் அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அன்றுதான். பீரோவைத் திறந்து என் பெயர் எழுதிய உறையை எடுத்தார். உள்ளே நம் கோவில் குருவானவர், பங்கு அச்சன், 1965-இல் எழுதிய கடிதம். அதை என் முன்னால் வைத்தார்.

நேர்ந்தது இளையவளை என்று அதில் இருக்கிறது. மூத்தவள் மனமொப்பி வருவதால் நேர்ச்சை நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. இந்த விவரம் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று கடைசியில் இருக்கிறது.

“மதருக்கு இது எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“உன்னைச் சேர்த்த அன்னிக்கே.”

“பயிற்சியில நவகன்னியா இருந்தப்ப எனக்குக் கீழ்ப்படிதல் பாடம் எடுத்தது நீங்கதானே மதர்.”

“நல்லாத்தானே கத்துக்கிட்டே” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

ஆக, எல்லோருக்கும் தெரியும். அம்மச்சிக்கும் அச்சனுக்கும் மதருக்கும். தினமும் என் சித்தத்தை ஒப்புக்கொடுக்கிறேன் என்று முழங்காலில் நின்றபோது, அது யாருடைய விருப்பம் என்று தெரிந்தவர்கள் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றிருக்கிறார்கள். உனக்கும் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது. தெரியாது என்று நீ எழுதினால் நம்பிவிடுவேன். இப்போதும் என்னால் உன்னை நம்ப முடியும்.

சேச்சி


குன்னேல் வீடு
30 அக்டோபர் 1974

அன்புள்ள சேச்சிக்கு,

அம்மச்சிக்கு மூச்சிரைப்பு அதிகம், மற்றபடி எல்லோரும் சுகம். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். நம்பிவிடுவேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

ஔசேப்பச்சன் வீட்டார் அந்த வருஷம் பார்க்க வந்தது உங்களைத்தான். காப்பியை நீங்கள் கொண்டுவந்தீர்கள், பலகாரத் தட்டை நான். போகும்போது அவருடைய அத்தை அம்மச்சியைத் தனியே கூப்பிட்டு, “மூத்தது வேண்டாம். அந்த ரெண்டாவதைத் தர்றதுன்னா இப்பவே பேசிடலாம். பையன் வீட்டோட வந்து இருக்கவும் தயார்” என்றாள். உங்களிடம், கடிதம் போடுவார்கள் என்று சொன்னோம்.

அம்மச்சி அன்றைக்குத்தான் என்னிடம் நேர்ச்சையைச் சொன்னாள். “உன்னைக் கட்டிக் கொடுக்க முடியாது. நீ மாதாவுக்குச் சொந்தம்.” எனக்குப் பதினெட்டு வயசு, சேச்சி. அவரைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்களுக்கு நினைவிருக்கலாம், எனக்குப் பித்தம் என்று நீங்கள்தான் இஞ்சிச் சாறு வைத்துக் கொடுத்தீர்கள். மூன்றாம் நாள் நான் அம்மச்சியிடம் சொன்னேன். “மாதா கேட்டது ஒரு பொண்ணு. வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கு. சேச்சிக்கு எப்படியும் கல்யாணம் அமையாது. அவ போனா யாருக்கு என்ன நஷ்டம்?”

அம்மச்சி என்னை அறைந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பங்கு அச்சனைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து, “அவளா மனசோட போனா பாவமில்லைன்னுட்டார். அவளுக்கு மனசு வரணும்” என்றாள்.

மனசு வருவதற்காகத்தான் பத்தாய அறையில் அந்தக் கதை. பத்து மாதம் என்று சொல்லச் சொன்னது நான்தான். உண்மையில் அப்போது உங்களுக்கு எட்டு வயசு, அதைச் சொன்னால் உங்களுக்கே நினைவு வந்துவிடுமே.

ஆகஸ்டில் அம்மச்சி சொன்னதை எழுதும்போது நாலு வயசு என்பதை மாற்றியிருக்கலாம். பேனா அங்கே நின்றது. மாற்றவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

சேச்சி, உங்கள் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன். டிசம்பர் எட்டாம் தேதி வார்த்தைப்பாடு கொடுத்துவிடுங்கள். மோளியின் கல்யாணத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. உங்களை அனுப்பிய பிறகு இந்த வீட்டில் ஒரு குறையும் வரவில்லை. அது ஆண்டவர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் இல்லையா?

கிளாரம்மா


மஹுவாடோலி
20 நவம்பர் 1974

கிளாரம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றே இப்போதும் விரும்புகிறேன். நான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தேன். இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்தை மருந்தகத்துக்குப் பின்னால் நின்று வாசித்தேன். மத்தியான நேரம். உள்ளே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாசித்து முடித்து உள்ளே போய் அதற்கு ஊசி போட்டேன். அன்றைக்கு வேலை முடியும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பரலோக மந்திரம் சொல்ல நின்றபோது, சித்தம் என்ற சொல் வருகிற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. மற்றவர்கள் சொல்லி முடித்து எழுந்து போய்விட்டார்கள்.

வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை என்று மதரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“யார் அனுப்பினா என்ன? வந்து சேர்ந்துட்டே இல்ல. இந்த ஊர்ல எத்தனை பிள்ளைங்களைப் பொழைக்க வச்சிருக்கே. அது ஆண்டவர் சித்தம் இல்லையா?”

“யார் அனுப்பினாலும் வந்து சேர்றது பார்சல் மதர். நான் நடந்து வந்தேன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“சரி, இப்ப நடந்து வா. பீடத்துக்குப் பத்து அடிதான். இந்தத் தடவை உன்னை யாரும் தள்ளலை.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் நடந்து பார்த்தேன். எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருந்தபோது கோவிலுக்குள் தனியாகப் போய் வாசலிலிருந்து பீடத்தை நோக்கி நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். பயமோ கோபமோ இல்லை. கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதை முன்னாலேயே கொடுத்துவிட்டீர்கள். ஆண்டவர் அதை வாங்கினாரா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்காத ஒன்றை அவர் ஏன் வாங்க வேண்டும்?

வருஷாந்தர வார்த்தைப்பாடு டிசம்பர் எட்டோடு முடிகிறது. அன்று நான் கிளம்பலாம். ஒரு மாதம் நம் வீட்டில் வந்து இருக்கிறேன். பத்தாய அறைக்குப் பக்கத்து அறை போதும். அம்மச்சியைக் கவனித்துக்கொள்கிறேன். பிறகு எங்காவது நர்ஸ் வேலை தேடிப் போய்விடுவேன். ஔசேப்பச்சனிடம் கேட்டு உடனே எழுது.

சேச்சி


குன்னேல் வீடு
29 நவம்பர் 1974

அன்புள்ள சேச்சிக்கு,

உங்களுக்குக் காய்ச்சல் என்று அறிந்து வருத்தம். கஷாயம் வைத்துக் குடியுங்கள்.

ஔசேப்பச்சனிடம் சொன்னேன். அவர் உங்களைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. “மடத்தை விட்டு வெளியே சாடி வந்தவ இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா மோளியை அவங்க எடுப்பாங்களா? மாப்பிள்ளையோட சிற்றப்பா அச்சன்தான் பூசையே வைக்கிறார்” என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் முடியட்டும். அது முடிந்தால் தவக்காலம் வந்துவிடும், ஊரே கோவிலில் இருக்கும், ஆளாளுக்குக் கேட்பார்கள். ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம். அதுவரை அங்கேயே கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியாதா? ஒன்பது வருஷம் இருந்தீர்கள், இன்னும் ஐந்து மாதம்தானே.

அம்மச்சிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள்.

உங்கள் தங்கை,
கிளாரம்மா


அம்பிகாபூர்
9 டிசம்பர் 1974

கிளாரம்மாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை நேற்றுக் காலை, நான் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாகச் சுஷானா கொண்டுவந்து கொடுத்தாள். கோவிலுக்குள் மற்ற மூன்று பேரின் வார்த்தைப்பாட்டுக்குப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து வாசித்தேன்.

அது என் அப்பச்சன் கட்டிய வீடும்தான் என்று எழுத நினைத்தேன். வேண்டாம் என்று விட்டேன்.

நான் வரவில்லை. இங்கே மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஆள் தேவை என்றார்கள். விலாசம் கீழே, இனி என் பழைய பெயருக்கே எழுது. மோளி நன்றாக இருக்கட்டும்.

ஏலிக்குட்டி


குன்னேல் வீடு
2 பிப்ரவரி 1975

அன்புள்ள சேச்சிக்கு,

ஆண்டவரின் துணை உங்களோடு இருக்கட்டும். புது இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? மோளியின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. உங்களை விசாரித்தவர்களிடம், மிஷனில் வேலை அதிகம், வர முடியவில்லை என்று சொன்னோம்.

அம்மச்சிக்கு மிகவும் முடியவில்லை. உடம்பெல்லாம் நீர். டாக்டர் கையை விரித்துவிட்டார். நீங்கள் வெளியே வந்தது புது அச்சன் வழியாக அவள் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். “ஏலி என்ன சொன்னா? ஏலி எழுதினாளா?” நான் என்ன சொல்லட்டும்?

மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாசித்துக் காட்டுகிறேன். நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். ஒன்பது வருஷம் கன்னியாஸ்திரீயாக இருந்த உங்களுக்கு அது கஷ்டமா?

வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு உபகாரம். வரும்போது அந்த வெள்ளை உடுப்பிலேயே வந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள்தானே. மோளியின் மாமியார் அடிக்கடி வந்து போகிறாள். உடுப்பு இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கிளாரம்மா


அம்பிகாபூர்
13 பிப்ரவரி 1975

கிளாரம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மச்சியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வை, முதுகில் புண் வரும். தண்ணீரை அளந்து கொடு.

உடுப்பை மதரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். சுஷானா ஒரு பச்சைப் புடவை கொடுத்திருக்கிறாள், அதில்தான் வருவேன். பதினெட்டாம் தேதி இங்கிருந்து புறப்படுகிறேன், இரண்டு ரயில் மாறி இருபத்திரண்டாம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. மோளியின் மாமியார் இருந்தால் இருக்கட்டும். நான் யார் என்று கேட்டால், இந்த வீட்டு மூத்த பெண் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்ட வரியை அனுப்பவில்லை. சிஸ்டர் ரெமீஜியாவாக இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பாள், யாராவது எழுதச் சொன்னால் போதும் அவளுக்கு. நான் எழுத உட்கார்ந்தேன், அது பொய்யாக வந்தது. அம்மச்சியைப் பார்க்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். அவளைக் குளிப்பாட்டுவேன், துணி மாற்றுவேன். அது எனக்குத் தெரிந்த வேலை. மற்றது வந்தால் வரட்டும்.

மன்னிப்பை நீ அம்மச்சிக்காகக் கேட்டாய். உனக்கென்று கேட்கவே இல்லை. கவனித்தேன்.

இங்கே ஒரு சின்ன அறை. முதல் நாள் மணி அடிக்காமலேயே நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முழங்காலில் நின்றேன். பழக்கதோஷம். எதைச் சமைப்பது, எந்தப் பக்கம் நடப்பது, யாருக்கு எழுதுவது, எல்லாவற்றையும் நானே தீர்மானிக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. முப்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு சித்தம் முளைத்திருக்கிறது, கிளாரம்மா. கைக்குழந்தை மாதிரி, தலைகூட இன்னும் நிற்கவில்லை.

வழக்கம்போல அதை ஆண்டவரிடம் நீட்டத்தான் கை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டேன். “இப்ப இல்ல. கொஞ்ச நாள் நானே வச்சுக்கறேன்” என்று சொன்னேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை.

ஏலிக்குட்டி